வலிக்காத விலங்கு

"தொப்பி மாட்டும்போது வலிக்குமா சார்?"

கேட்டவள், எட்டாம் வகுப்பு மாணவி. கேட்ட இடம், வேலூருக்கும் ஆம்பூருக்கும் இடையே பாலாற்றங்கரைச் சிற்றூரில் நாம் பணியாற்றும் பள்ளி. கேட்ட நேரம், பாடம் முடிந்து, மணியடிக்கக் கால்மணி நேரம் மிச்சமிருந்த ஒரு பிற்பகல். நாம் கதை சொல்லிக்கொண்டிருந்தோம். கன்னத்தில் கை வைத்துக் கேட்டுக்கொண்டிருந்தனர் பிள்ளைகள்.

"வலிக்காது" என்றோம்.

"மாட்டிக்கொண்ட பிறகு?"

"அப்போதும் வலிக்காது. மகிழ்ச்சியாகவே இருப்பார்கள்."

"அப்படியானால், அதை ஏன் சார் கழற்ற வேண்டும்?"

மணி அடித்தது. பிள்ளைகள் பறந்தனர். கேள்வி மட்டும் பறக்கவில்லை. எம்மோடு பேருந்தில் ஏறிற்று, வீட்டுக்கு வந்தது, இரவெல்லாம் விழித்திருந்தது. பட்டம் பெற்றவர் நாம். தத்துவ நூல்கள் சில புரட்டியவர் நாம். மேடையேறிப் பகுத்தறிவு பேசியவரும் நாமே! பதின்மூன்று வயதுச் சிறுமியின் ஒரு கேள்விக்கு உடனே விடை சொல்ல நாவெழவில்லை. அந்தக் கேள்வியை, தோழர்களே, உங்கள்முன் வைக்கிறோம்.

வலிக்காத விலங்கை ஏன் உடைக்க வேண்டும்?

* * *

முதலில் கதையைக் கூறிவிடுகிறோம். ஜான் கிறிஸ்டோபர் என்ற புனைபெயரில் எழுதிய சாமுவேல் யூட் என்ற ஆங்கில எழுத்தாளர், 1967, 1968ஆம் ஆண்டுகளில், இளம் பருவத்தினருக்கென மூன்று நூல்களைத் தொடராக வெளியிட்டார். வேற்றுலகத்தார் மண்ணுலகைப் பிடித்துக்கொண்டனர். மூன்று கால் கொண்ட மாபெரும் இயந்திரங்களில் ஊர் ஊராக உலவுகின்றனர். மனிதர் அவற்றை வணங்குகின்றனர். ஏன் வணங்குகின்றனர்? பதினான்கு வயது நிரம்பியதும் ஒவ்வொரு பிள்ளையின் தலையிலும் உலோக வலையாலான தொப்பி ஒன்று பொருத்தப்படுகிறது. தலையோடு தலையாக அது பதிந்துவிடும். மயிர் வளர்ந்து மூடிக்கொள்ளும். அன்று முதல் அவன் உழைப்பான், உண்பான், சிரிப்பான், உற்றாரை நேசிப்பான். ஒன்று மட்டும் செய்யான்: ஏன் என்று கேளான்!

தொப்பி மாட்டும் நாள், துக்க நாளன்று, திருநாள்! விருந்து உண்டு, விளையாட்டு உண்டு, பெற்றோர் முகத்தில் பூரிப்பு உண்டு. "நம் மகன் பெரியவனாகிவிட்டான்" என்று மகிழ்கிறார்கள். அந்தப் பெற்றோரும் பதினான்கு வயதில் தொப்பி மாட்டிக்கொண்டவர்கள்தாமே!

வில் என்னும் சிறுவன் ஓடிவிடத் துணிகிறான். தொப்பியற்ற மனிதர் சிலர் மறைந்து வாழும் பனிமலை நோக்கி, இரு தோழர்களோடு நடக்கிறான். வழியில் நோயுற்று வீழ்ந்தவனை, ஒரு கோட்டை வாழ் குடும்பத்தார் எடுத்துக் காப்பாற்றுகின்றனர். அன்பான குடும்பம். அவ்வீட்டு மகள் எலோயிஸ் அழகி, நற்குணத்தவள். தலையில் தலைப்பாகை கட்டியிருக்கிறாள். ஒருநாள் விளையாட்டாக அதைப் பிடித்து இழுக்கிறான், தலைப்பாகை கழல்கிறது, உள்ளே மின்னுகிறது உலோக வலை!

பின்னர் அவள், இயந்திர எசமானர்களுக்குத் தொண்டு செய்யத் தேர்ந்தெடுக்கப்படுகிறாள். அழுதாளா? இல்லை. பெரும் பேறு வாய்த்ததெனச் சிரித்த முகத்தோடு செல்கிறாள். வில் பின்னொரு நாள் அந்த எசமானர்களின் நகரத்துக்குள் நுழைந்தபோது அவளைக் காண்கிறான், அழகுப் பொருள்களைச் சேர்த்து வைத்த கூடத்திலே, உயிரற்ற காட்சிப் பொருளாக!

1949இல் வெளிவந்த ஜார்ஜ் ஆர்வெல் நூலில் வரும் ஆட்சி கொடியது. கண்காணிப்பும் சித்திரவதையும் கொண்டது. ஆயினும் அங்கே வலி உண்டு. வலி, ஒரு வகையில் நண்பன். "இங்கே ஏதோ தவறு நடக்கிறது" என்று உடலுக்கு உரைப்பவன். தொப்பி ஆட்சியோ அந்த நண்பனையே முதலில் கொன்றுவிடுகிறது. அடித்து அடக்குபவனை அடையாளம் காண்பது எளிது, அணைத்து அடக்குபவனை?

* * *

"இது கற்பனை. வேற்றுலகத்தார் வரவுமில்லை, தொப்பி மாட்டவுமில்லை. நமக்கென்ன?" என்பார் உளர். அவர்களை நம் ஊருக்கு அழைக்கிறோம். வரட்டும்!

இராணிப்பேட்டை, ஆம்பூர், வாணியம்பாடி, பேர்ணாம்பட்டு. தோலால் பெயர் பெற்ற ஊர்கள். உப்பிட்ட தோலை ஊறவைத்து, சுண்ணாம்பிட்டு, மயிர் நீக்கி, சதை வழித்து, பதனிட்டு, உலகச் சந்தைக்குச் செருப்பாகவும் ஷூவாகவும் அனுப்பும் உழைப்பாளர் வாழும் ஊர்கள். முதன்முறை வரும் வெளியூராரைக் கவனியுங்கள். பேருந்து நெருங்கியதும் கைக்குட்டை மூக்குக்குத் தாவும், முகம் சுளிக்கும், "எப்படித்தான் இருக்கிறீர்களோ, இந்த நாற்றத்தில்!" என்பார். இங்கேயே பிறந்து வளர்ந்த நாமோ, வியப்போடு திருப்பிக் கேட்போம்: "எந்த நாற்றம்?"

பொய் சொல்லவில்லை நாம். நமது மூக்கு பழகிவிட்டது. பழகிய மூக்குக்கு நாற்றம் இல்லை.

மூக்கு பழகிவிட்டது, கிணறு பழகவில்லையே! பல்லாண்டுகளாக நிலத்திலும் ஆற்றிலும் விடப்பட்ட கழிவுநீர், பாலாற்றுப் படுகையின் ஊற்றை உப்பாக்கிற்று. வேலூர்க் குடிமக்கள் நல அமைப்பு தொடுத்த வழக்கிலே, 1996ஆம் ஆண்டு ஆகஸ்டு 28ஆம் நாள் உச்ச நீதிமன்றம் தீர்ப்பு வழங்கியது. தோல் தொழிற் பகுதியில் சுமார் 35,000 எக்டேர் விளைநிலம் பகுதியாகவோ முழுமையாகவோ பயிரிடத் தகுதியற்றுப் போயிற்று என்ற ஆய்வு முடிவு அத்தீர்ப்பிலே இடம்பெற்றது. முப்பத்தைந்தாயிரம் எக்டேர்! ஒரே இரவில் கெட்டதா? இல்லை. நாள்தோறும் கொஞ்சம் கொஞ்சமாக, வலியின்றி, பழகப் பழகக் கெட்டது.

சிறுமியின் கேள்விக்கு முதல் விடை இங்கே கிடைக்கிறது. வலிக்கவில்லை என்பது, தீங்கில்லை என்பதற்குச் சான்றாகாது. உணரும் உறுப்பே மரத்துப்போயிருக்கலாம். அன்றியும், மரத்துப்போனது எனது மூக்காகவும், நஞ்சு ஏறியது உனது கிணறாகவும் இருக்கலாம்!

* * *

நாற்றத்துக்குப் பழகியதுபோலவே, நாம் வேறொன்றுக்கும் பழகியிருக்கிறோம். வகுப்பிலே ஒரு மாணவனை, "தந்தை என்ன வேலை செய்கிறார்?" என்று கேட்டோம்.

"கம்பெனி, சார்."

"என்ன கம்பெனி?"

தலை கவிழ்ந்தான். தோலைச் சுத்தம் செய்யும் இடத்திலே வேலை. அதைச் சொல்ல நா கூசிற்று. அவன் நாவைக் கூச வைத்தது எது? எந்தச் சட்டம்? எந்த ஆணை? "தோலைத் தொடும் கை தாழ்ந்தது, அதே தோலைச் செருப்பாக மாட்டி நடக்கும் கால் உயர்ந்தது" என்று விதித்த மூன்று கால் இயந்திரம் எங்கே நிற்கிறது? எங்கும் காணோம்! கட்டளையிடுவோன் இல்லை, ஆயினும் கட்டளை நடக்கிறது. காவலன் இல்லை, ஆயினும் கைதி தப்பியோடவில்லை. உழைக்கும் கைக்கு உரியவனின் மகனே, உழைப்பை எண்ணி வெட்குகிறான். இதைவிடத் திறமான தொப்பியை எந்த வேற்றுலகத்தார் செய்யக்கூடும்?

சாதி எனும் தொப்பியைப் பகைவர் மாட்டவில்லை, பெற்றவர் மாட்டுகின்றனர். சோறூட்டும்போது ஊட்டுகின்றனர், தாலாட்டும்போது பாடுகின்றனர், "அந்த வீட்டில் தண்ணீர் குடிக்காதே, கண்ணே!" என்று கொஞ்சும் குரலிலே சொல்லுகின்றனர். மாட்டிக்கொண்டவருக்கு வலி இல்லை, உண்மைதான். ஆனால், 2016ஆம் ஆண்டு மார்ச் 13ஆம் நாள், பட்டப்பகலிலே, உடுமலைப்பேட்டைக் கடைத்தெருவிலே, சாதி கடந்து மணந்துகொண்ட குற்றத்துக்காக ஓர் இளைஞர் வெட்டி வீழ்த்தப்பட்டாரே, அந்தக் கழுத்துக்கு வலிக்கவில்லையா? தொப்பி ஒருவர் தலையில். வெட்டு இன்னொருவர் கழுத்தில்! தனக்கு வலிக்காத விலங்கு, பிறருக்கு வாளாகிறது.

பதினாறாம் நூற்றாண்டிலே, எத்தியேன் தெ லா போயெசி என்ற பிரெஞ்சுக்காரர், இளம் வயதிலேயே ஒரு சிறு நூல் எழுதினார். ஒரே ஒரு கொடுங்கோலனுக்கு இலட்சோபலட்சம் மக்கள் எப்படிப் பணிகின்றனர் என்பது அவர் வினா. பணிகின்றவர்களே அவனுக்குக் கையும் காலும் கண்ணுமாகின்றனர் என்பது அவர் விடை. கை கொடுப்பதை நிறுத்தினால் போதும், அவன் வீழ்வான் என்று எழுதினார். கொடுங்கோலன் ஒருவன் எனில், கையை விலக்கிக்கொள்ளலாம். கொடுங்கோன்மை நமது தாயின் குரலில் பேசினால்? அங்கேதான் தடுமாறுகிறது வீரம்.

* * *

தலை, தலைப்பாகை, தோல் என்று பேசும்போது, வேலூர்க் கோட்டையை மறப்பது எங்ஙனம்?

சென்னைப் படையின் தளபதி சர் ஜான் கிரடாக் புதிய உடை விதிகளைக் கொணர்ந்தார். ஆளுநர் வில்லியம் பெண்டிங்க் இசைவளித்தார். இந்துச் சிப்பாய்கள் நெற்றியில் சமயச் சின்னம் அணியலாகாது; முசுலிம் சிப்பாய்கள் தாடியை மழித்துவிட வேண்டும்; எல்லோரும் புதுவகைத் தலைப்பாகை தரிக்க வேண்டும். அந்தத் தலைப்பாகையில் பொருத்தப்பட்ட அணி, தோலால் ஆனது! அது எந்த விலங்கின் தோலோ என்று ஐயுற்றனர் சிப்பாய்கள். மறுத்தோருக்குக் கசையடி கிடைத்தது. குமுறல் வளர்ந்தது, 1806ஆம் ஆண்டு சூலை 10ஆம் நாள் விடியுமுன் கோட்டையிலே வெடித்தது. ஆற்காட்டிலிருந்து கில்லெஸ்பி குதிரைப்படையோடு பாய்ந்து வந்தார். அன்றே அடக்கப்பட்டது கிளர்ச்சி. மாண்ட சிப்பாய்கள் நூற்றுக்கணக்கானோர். பின்னர் அந்தத் தலைப்பாகை ஆணை கைவிடப்பட்டது. கிரடாக்கும் பெண்டிங்கும் 1807இல் திரும்ப அழைக்கப்பட்டனர்.

வேலூரிலே அவர்களுக்கு நினைவுத்தூண் நிற்கிறது. அதைக் கடக்கும்போதெல்லாம் பெருமிதம் எழும். அதனோடு ஓர் ஐயமும் எழும். பகுத்தறிவாளர் நாம், நெற்றிச் சின்னம் வேண்டாம் என்போர். கிரடாக் துரையும் நெற்றிச் சின்னம் வேண்டாம் என்றார். அப்படியானால் நாம் துரையின் கட்சியா? தோல் தீட்டு என்று அஞ்சினர் சிப்பாய்கள். தோலில் தீட்டில்லை என்போர் நாம். அப்படியானால், அந்த வீரருக்கு வணக்கம் செலுத்துவது முரணாகாதா?

பலமுறை எண்ணிப் பார்த்துத் தெளிந்தோம். துரை தந்தது அறிவன்று, ஆணை. நெற்றியிலிருந்து ஒரு சின்னத்தை அழித்தார். தலையிலே தம் சின்னத்தை ஏற்றினார். ஏன் அழிக்க வேண்டும் என்று விளக்கவில்லை, "ஏன்?" என்றவன் முதுகில் கசை விழுந்தது. ஒரு தொப்பியைப் பறித்து வேறொன்றை மாட்டுவதற்கு விடுதலை என்று பெயரில்லை. ஆகவே, "மாட்டமாட்டோம்" என்று நிமிர்ந்த அந்தத் தலைகளை வணங்குகிறோம்.

வணங்கிவிட்டு, மற்றோர் உண்மையையும் சொல்லியாக வேண்டும். அந்நியன் மாட்டிய தொப்பியை ஒரே பார்வையில் கண்டுகொண்டவர்கள், பிறந்தபோதே மாட்டப்பட்ட தொப்பியைக் காணவில்லை. துரையின் தோலணி உறுத்திற்று. தோல் தொடுபவன் தீண்டத்தகாதவன் என்ற எண்ணம் உறுத்தவில்லை. புதிய தொப்பி கனக்கும். பழைய தொப்பி தலையாகவே தோன்றும்! அவர்கள் குறை என்று இதைச் சொல்லவில்லை. மனிதர் அனைவர்க்கும் உரிய குறை இது.

துரைமார் போனபின்பும் தொப்பி செய்யும் தொழில் நிற்கவில்லை. 1953இல், இராசாசி முதலமைச்சராயிருந்தபோது, நாட்டுப்புறத் தொடக்கப்பள்ளிகளுக்குப் புதிய திட்டமொன்று வந்தது. நாளில் ஒரு பாதி பள்ளி. மறு பாதி, பெற்றோர் தொழிலைக் கற்க வேண்டும். குலக்கல்வி என்று மக்கள் அதற்குப் பெயர் சூட்டினர். நம் பகுதிக்கு அதைப் பொருத்திப் பாருங்கள். தோல் ஊறவைப்பவன் மகன், எழுத்தைப் பாதி கற்று, தொட்டியை முழுதும் கற்பான்! அடியில்லை, சிறையில்லை, வலியில்லை. "அப்பாவுக்கு உதவியாயிரு" என்ற அன்பு மொழி உண்டு. ஏன் என்று கேட்கும் வயது வருமுன்பே, தொட்டியருகே நின்றிருப்பான். எதிர்ப்பு மூண்டது, 1954இல் காமராசர் முதலமைச்சரானதும் திட்டம் கைவிடப்பட்டது. அது கைவிடப்பட்டதால் எழுத்தறிந்த எத்தனையோ குடும்பங்களிலிருந்து வந்தவர்கள்தாம், இன்று கரும்பலகை முன் நிற்கும் எம்மைப் போன்றோர்.

* * *

இங்கே ஒரு நண்பர் குறுக்கிடுவார்: "தாய்மொழியும் பிறர் ஊட்டியதே, நன்றி, நாணயம், இரக்கம் எல்லாம் சிறு வயதில் புகுத்தப்பட்டவையே. எல்லாம் தொப்பியென்றால், எதுதான் தலை? உமது பகுத்தறிவும் ஒரு தொப்பிதானே?"

நல்ல கேள்வி. தட்டிக்கழிக்கக்கூடாத கேள்வி. யாரும் புகுத்தாத எண்ணம் என்று ஒன்று எவரிடமும் இல்லை. ஆகவே, எங்கிருந்து வந்தது என்று பார்ப்பதில் பயனில்லை. கேள்வி கேட்டால் அது என்ன செய்கிறது என்று பாருங்கள். கேள்வியைத் தாங்கும் எண்ணம், தலைக்கு உரியது. கேட்டவனைத் தண்டிக்கும் எண்ணம், தொப்பி. "இரக்கம் ஏன்?" என்று கேளுங்கள்; இரக்கமுள்ளவன் உட்கார்ந்து விளக்குவான். "சாதி ஏன்?" என்று கேளுங்கள், பதில் வராது, அரிவாள் வரும்! இதுவே உரைகல்.

உரைகல்லை உருவாக்கிவிட்டோம் என்று மகிழ்ந்தோம். அந்தோ! அதில் முதலில் உரைக்கப்பட்டவர் நாமே.

சென்ற தேர்வில், "சாதி வேறுபாடு ஏன் ஒழிய வேண்டும்?" என்று ஐந்து மதிப்பெண்ணுக்கு ஒரு வினா கொடுத்திருந்தோம். நாற்பது விடைத்தாள்கள். முப்பத்தொன்பதில் ஒரே விடை! வகுப்பிலே நாம் முழங்கிய வாக்கியங்கள், முற்றுப்புள்ளி பிசகாமல், வரிசை மாறாமல். பூரித்துப் போனோம். முழு மதிப்பெண் வழங்கினோம். நாற்பதாவது தாள் வேறு மாதிரி. "ஒழிய வேண்டும் என்று சார் சொல்கிறார். ஆனால் கலியாணத்துக்கு எல்லா வீட்டிலும் சாதி பார்க்கிறார்கள். தப்பு என்று தெரிந்தும் நல்லவர்கள் ஏன் பார்க்கிறார்கள் என்பது எனக்குப் புரியவில்லை" என்று எழுதி, அத்தோடு நிறுத்தியிருந்தாள் ஒரு சிறுமி. "விடை முழுமையில்லை" என்று சிவப்பு மையில் எழுதி, இரண்டு மதிப்பெண் போட்டோம்.

அவள்தான், தொப்பி வலிக்குமா என்று கேட்டவள்!

அன்றிரவு அந்தத் தாள் நினைவுக்கு வந்தது. முப்பத்தொன்பது பிள்ளைகள் தலையிலே நாமே ஒரு தொப்பியைப் பொருத்தியிருந்தோம். வலியின்றி, விருந்து போல், மதிப்பெண் எனும் மிட்டாயோடு. தொப்பியின் மேல் "பகுத்தறிவு" என்று எழுதியிருந்தால் என்ன? கேட்டவளைத் தண்டித்தோமே! நம் உரைகல்லே நம்மைக் குற்றவாளி என்றது.

அந்த ஆங்கிலக் கதையின் முடிவை எண்ணினோம். எசமானர்களின் நகரங்கள் அழிகின்றன. தொப்பி ஆட்சி தொலைகிறது. மனித இனம் விடுதலை பெறுகிறது. உடனே பொன்னுலகம் பிறந்ததா? இல்லை. விடுதலை பெற்ற மக்கள், நாடு நாடாகப் பிரிந்து சண்டையிடத் தொடங்குகின்றனர். தொப்பியைக் கழற்றுவது ஒருநாள் வேலை. தலையைப் பயன்படுத்தப் பழகுவதோ வாழ்நாள் வேலை. அதை எவரும் எவருக்காகவும் செய்துதர முடியாது. ஆசிரியரும் முடியாது, தலைவரும் முடியாது, ஏடும் முடியாது.

நம் வேலூரிலேதான், 1973ஆம் ஆண்டு டிசம்பர் 24ஆம் நாள், பெரியார் மருத்துவமனையில் கண்மூடினார். தாம் சொல்வதற்காக எதையும் ஏற்க வேண்டாம், சிந்தித்துப் பார்த்துச் சரியெனப் பட்டால் ஏற்றுக்கொள்ளுங்கள் என்று கூட்டந்தோறும் கேட்டுக்கொண்டவர் அவர். அவர் சொன்னவற்றில் பலவற்றை நாம் உரக்க ஓதுகிறோம். இந்த ஒன்றை மட்டும் மெல்லிய குரலில் சொல்லிவிட்டுக் கடந்துவிடுகிறோம். ஏன்? மற்றவை எதிரிக்கு உறுத்துபவை; இது நமக்கு உறுத்துவது!

* * *

மறுநாள் வகுப்புக்குச் சென்றோம். அந்த விடைத்தாளைத் திரும்ப வாங்கினோம். சிவப்பு மையை அடித்துவிட்டு, ஐந்து என்று எழுதினோம். "விடை எழுதவில்லையே சார்?" என்று வியந்தாள். "கேள்வி எழுதியிருக்கிறாயே" என்றோம்.

பிறகு, அவள் கேட்டதற்கு, எமக்குத் தெரிந்த விடையைச் சொன்னோம். எலோயிஸ் சிரித்துக்கொண்டே சென்றதைச் சொன்னோம். மூக்குக்கு நாற்றமில்லாதபோதும் கிணறு கெட்டதைச் சொன்னோம். தொப்பி மாட்டியவனுக்கு வலிக்காவிட்டாலும், அவன் பக்கத்தில் இருப்பவனுக்கு வலிக்கும் என்றோம். வலிக்கிறதா இல்லையா என்று கேட்கக்கூடத் தெரியாமற்போவதே பேரிழப்பு என்றோம். அமைதியாகக் கேட்டாள்.

"சரியா?" என்றோம்.

"யோசித்துச் சொல்கிறேன் சார்" என்றாள்.

அந்த ஒரு சொல்லுக்காக, முப்பத்தொன்பது "ஆமாம் சார்"களையும் விட்டுக்கொடுக்கலாம். அவள் யோசிக்கட்டும். யோசித்து, நாம் சொன்னது தவறென்றும் ஒருநாள் சொல்லட்டும்; அப்போது நம் முகம் சுருங்காதிருக்க, இன்றே பழகிக்கொள்வோம்.

கதையிலே, தொப்பி மாட்டும் வயது பதினான்கு. அவளுக்கு வயது பதின்மூன்று.

ஓராண்டு இருக்கிறது, தோழர்களே!